சொந்தமாகக் கட்டிய விமானம் க்ரூஸில் மெதுவாகப் பறந்தால்: எங்கே தேடுவது, எந்த வரிசையில்

அமெரிக்காவில் கிட் வாங்கிக் கராஜில் கட்டிப் பறக்கவிடும் சிறு விமானங்களில் அதிகம் காணப்படுவது ஒரிகன் மாநிலத்து வேன்ஸ் ஏர்க்ராஃப்டின் ஆர்வி வரிசைதான். ஆர்வி-6, ஆர்வி-7, ஆர்வி-9 எதுவானாலும் கட்டியவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் முறையீடு ஒன்றுதான்: "நிறுவனம் சொன்ன வேகம் வரவில்லை, எட்டுப் பத்து நாட் குறைகிறது." உடனே மெழுகு பூசுவதும், புது ஃபேரிங் (காற்றை வழுக்கவிடும் உறை) செய்வதும், புரொப்பெல்லரைக் கழற்றி அனுப்புவதும் ஆரம்பமாகிவிடும். வேகம் எங்கே போனது என்று தெரியும்வரை எதையும் மாற்ற வேண்டாம். தரையில் செய்யும் ஒரு சோதனையே குறை இன்ஜினிலா, உடலிலா என்று பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும். அதற்கு வருமுன் அளவுகளைச் சரிபார்க்க வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது லைகாமிங் ஓ-320 அல்லது ஓ-360 இன்ஜினும், பிட்ச் (இதழின் சாய்வு, அங்குலத்தில் சொல்வது) மாறாத புரொப்பெல்லரும் உள்ள ஆர்வியை மனதில் வைத்து. மற்ற கிட்களுக்கும் முறை இதுவே, எண்கள் மட்டும் மாறும்.

குறை உண்மையா?

வேன்ஸ் தன் வேகங்களை மணிக்கு மைல் கணக்கில் வெளியிடுகிறது. உங்கள் திரை நாட் (மணிக்குக் கடல் மைல்) காட்டலாம். 190 மைல் என்பது 165 நாட். இந்தக் குழப்பத்தால் மட்டுமே "மெதுவான விமானம்" ஆனவை உண்டு. அடுத்து, அந்த எண் எந்த நிலைக்கானது என்று பாருங்கள்: 75 சதவீத சக்தி, 8000 அடி, ஒருவர் மட்டும் ஏறிய எடையா, முழு எடையா. அந்த 8000 அடி அடர்த்தி உயரம், அதாவது காற்றின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்ட உயரம். உயரமானி 8000 காட்டும்போது வெளியே 20 டிகிரி செல்சியஸ் என்றால், அந்த உயரத்தின் நியம வெப்பநிலையான -1 டிகிரியைவிட 21 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி வீதம் நீங்கள் உண்மையில் 10,500 அடி அடர்த்தி உயரத்தில் இருக்கிறீர்கள். அங்கே இன்ஜின் 75 சதவீதம் தராது.

குறையின் பருமனையும் உணர்ந்துகொள்ளுங்கள். க்ரூஸில், அதாவது சமமட்டப் பயணத்தில், தேவைப்படும் சக்தி ஏறத்தாழ வேகத்தின் முப்படியாக (வேகம் × வேகம் × வேகம்) உயர்கிறது. 160 நாட் வர வேண்டிய இடத்தில் 150 வந்தால், சக்தியில் சுமார் 18 சதவீதம் காணாமல் போயிருக்கிறது, அல்லது அதற்கு ஈடான இழுவை கூடியிருக்கிறது. 160 குதிரைத்திறன் இன்ஜினில் 75 சதவீதம் என்பது 120. அதில் 21 குதிரைத்திறன். இவ்வளவு போனால் இன்ஜின் ஏறும்போதே காட்டிக்கொடுக்கும். 5 நாட் குறைவு என்றால் 9 சதவீதம், 3 நாட் என்றால் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். பத்து நாட் குறைவுக்குக் காரணம் வழவழப்பில்லாத பெயிண்ட் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உண்மை வேகத்தை அளப்பது

காற்று அலையாத அதிகாலையில் ஏறுங்கள். அடர்த்தி உயரம் 8000 அடிக்குப் பொருந்தும் உயரத்தில் ஆட்டோபைலட்டை உயரம் பிடிக்க விட்டு, த்ராட்டில் முழுவதும் திறந்து, மிக்ஸ்சரை (எரிபொருள்-காற்றுக் கலவையை) அதிக சக்தி தரும் இடத்தில் வையுங்கள். அதாவது இஜிடி (புகைவாயு வெப்பநிலை) உச்சத்திலிருந்து செழுமைப் பக்கம், எரிபொருள் கூடும் பக்கம், 55 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை. லீனாக (எரிபொருளைக் குறைத்து) வைத்து அளந்துவிட்டு வேகம் போதவில்லை என்று வருந்துபவர்கள் நிறைய. வேகம் நிலைப்பட ஐந்து நிமிடம் கொடுங்கள். பிறகு வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு ஹெடிங்கில் தலா இரண்டு நிமிடம் பறந்து ஜிபிஎஸ் தரைவேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கின் சராசரிதான் உங்கள் உண்மை வான்வேகம். 15 நாட் காற்று வீசினாலும் அதனால் இம்முறையில் வரும் பிழை அரை நாட்டைவிடக் குறைவு. உயரம் 50 அடி நகர்ந்த சுற்றைத் தள்ளிவிடுங்கள். எண்களை எழுத ஒருவர், வெளியே பார்த்து ஓட்ட ஒருவர் என இரண்டு பேர் வேண்டும். எழுதிக்கொண்டே பறப்பது இன்னொரு விமானத்தோடு மோதுவதற்கான வழி.

தரைவேகத்தோடு காட்டு வேகம் (கருவி காட்டும் வேகம்), வெளி வெப்பநிலை, உயரம், ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி), மானிஃபோல்ட் பிரஷர் (இன்ஜின் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தம்), எரிபொருள் ஓட்டம், நான்கு சிலிண்டர் தலை வெப்பநிலை எல்லாவற்றையும் எழுதுங்கள். பின்னால் ஒவ்வொன்றும் தேவைப்படும்.

8000 அடியில் காட்டு வேகத்தை 1.128 ஆல் பெருக்கினால் உண்மை வேகம் வர வேண்டும். 142 காட்டினால் 160. ஜிபிஎஸ் சராசரி 160 சொல்லி, காட்டு வேகத்திலிருந்து கணக்கிட்டது 152 என்றால் விமானத்துக்கு ஒன்றுமில்லை. குறை பிட்டோ (எதிர்க்காற்றின் அழுத்தத்தை எடுப்பது), ஸ்டாட்டிக் (சுற்றுக் காற்றின் அழுத்தத்தை எடுப்பது) குழாய்களிலோ கருவியிலோ இருக்கிறது. கிட்டில் ஸ்டாட்டிக் துளை என்பது உடலின் இருபுறமும் மேடாக நிற்கும் பாப் ரிவெட் தலைதான். அழகுக்காக அதைத் தட்டையாக்கியவர்களுக்கும், தட்டையான துளை வாங்கிப் பொருத்தியவர்களுக்கும் வேகம் குறைவாகக் காட்டும். அந்த மேடு காற்றைச் சற்று விரைவாக்கி அழுத்தத்தைச் சரியான அளவுக்கு இறக்குகிறது. மேடு போனால் ஸ்டாட்டிக் அழுத்தம் கூடுதலாகப் பதிவாகும்.

பிட்டோ கசிவைப் பார்க்கச் செலவே இல்லை. ஒரு பலகையில் யு வடிவில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஒட்டி, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைப் பிட்டோவில் செருகுங்கள். பிட்டோவில் வடிகால் துளை இருந்தால் டேப் ஒட்டி அடையுங்கள். மறு முனையை மெல்ல உயர்த்துங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்ட வித்தியாசம் 166 மில்லிமீட்டர் ஆகும்போது 100 நாட், 377 மில்லிமீட்டரில் 150 நாட் காட்ட வேண்டும். அப்படியே ஒரு நிமிடம் பிடித்திருங்கள்; முள் இறங்கினால் கசிவு. வாயால் ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம், கருவி கெட்டுவிடும்.

ஆர்பிஎம் மானியை நம்பாதீர்கள்

பிட்ச் மாறாத புரொப்பெல்லர் எடுக்கும் சக்தி ஆர்பிஎம்மின் முப்படியோடு போகிறது. மானி 2600 காட்டி உண்மையில் 2500 சுழன்றால், 11 சதவீதம் சக்தியை நீங்கள் கேட்கவேயில்லை என்று பொருள். சூரிய வெளிச்சத்தில் காக்பிட்டிலிருந்தே புரொப்பெல்லரை நோக்கிப் பிடிக்கும் ஒளி டாக்கோமீட்டர் விலை குறைவானது. இரண்டு இதழ் என்று செட் செய்ய மறக்காதீர்கள். 1800, 2200, 2500 மூன்றிலும் ஒப்பிட்டு, பிழையை ஒரு சீட்டில் எழுதி பேனலில் ஒட்டுங்கள்.

பாதை பிரியும் இடம்: நிலை ஆர்பிஎம்

விமானம் நகராமல் நிற்கும்போது முழு த்ராட்டிலில் வரும் ஆர்பிஎம் இது. உடலின் இழுவைக்கு இந்த எண்ணில் பங்கே இல்லை, ஏனென்றால் விமானம் நிற்கிறது. அதனால்தான் இது இவ்வளவு பயனுள்ளது. ஊரின் உயரமும் வெப்பமும் மாறினாலும் பெரிதாக மாறாது: காற்று மெலிந்தால் இன்ஜின் தருவதும் குறைகிறது, புரொப்பெல்லர் கேட்பதும் குறைகிறது.

காற்றில்லாத நேரம், கல் இல்லாத சிமெண்டுத் தரை, சக்கரங்களுக்கு முட்டு, வால்சக்கர விமானமானால் வாலுக்குக் கயிறு. எண்ணெய் சூடானபின் முழு த்ராட்டில், பத்து விநாடி, எண்ணைக் குறித்துவிட்டு இறக்குங்கள். க்ரூஸுக்காகத் தேர்ந்த புரொப்பெல்லரோடு 2100 முதல் 2300 வரை வருவது வழக்கம். உங்கள் முதல் பறப்புகளின் பதிவில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவதே சிறந்தது. இல்லையென்றால் அதே இன்ஜினும் அதே புரொப்பெல்லரும் உள்ள இன்னொரு விமானத்தோடு.

நிலை ஆர்பிஎம் சரியாக இருந்து, பறக்கும்போது முழு த்ராட்டில் ஆர்பிஎம் மட்டும் குறைந்தால், குறை உடலில். இழுவையால் விமானம் மெதுவாகிறது. மெதுவாகும்போது இதழ்கள் காற்றைக் கூடுதல் கோணத்தில் வெட்டுகின்றன. சுமை கூடி ஆர்பிஎம் இறங்குகிறது. நிலை ஆர்பிஎம்மும் சேர்ந்து குறைந்திருந்தால் இன்ஜினைப் பாருங்கள். ஆர்பிஎம் இரண்டு இடத்திலும் தாராளமாக ஏறி, வேகம் மட்டும் வரவில்லையென்றால் புரொப்பெல்லரின் பிட்ச் போதவில்லை.

பிட்ச் மாறும் புரொப்பெல்லரில் கவர்னர் ஆர்பிஎம்மைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்தச் சோதனை வேலை செய்யாது. அங்கே எரிபொருள் ஓட்டத்தைப் பாருங்கள். 120 குதிரைத்திறனுக்கு, அதிக சக்தி மிக்ஸ்சரில், மணிக்கு 36 முதல் 38 லிட்டர் போக வேண்டும். அவ்வளவு எரித்தும் வேகம் வரவில்லையென்றால் இன்ஜினை விட்டுவிடலாம்.

இன்ஜின் பக்கம்

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் மானிஃபோல்ட் பிரஷர் மானி அந்த இடத்தின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மானிதான் பொய். பிறகு 8000 அடியில் முழு த்ராட்டில்: வெளியே நியம அழுத்தம் 22.2 அங்குலப் பாதரசம். மானிஃபோல்டில் அதைவிட ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்தால் காற்றுப்பாதையில் அடைப்பு. முதல் சந்தேகம் கேபிள். காக்பிட்டில் நாப் முழுதும் உள்ளே போயிருக்கும். கார்புரேட்டரில் த்ராட்டிலின் நெம்புகோல் கை இன்னும் ஸ்டாப்பைத் தொட்டிருக்காது. ஒருவர் உள்ளே தள்ள, ஒருவர் கவுலிங் (இன்ஜின் மூடி) கழற்றிய இன்ஜினில் பார்க்க வேண்டும். மிக்ஸ்சர் கைக்கும் இதே சோதனை.

அடுத்து ஏர் ஃபில்டர், அதற்குப் பின்னால் கார்ப் ஹீட் கதவு (கார்புரேட்டரில் பனி படியாமல் சூடான காற்றை விடுவது). இந்தக் கதவு முழுதும் மூடாமல் நின்றால் சூடான காற்று கலந்துகொண்டே இருக்கும். உள்ளே போகும் காற்று 5.5 டிகிரி செல்சியஸ் சூடாகும் ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு சதவீதம் சக்தி போகிறது. கார்புரேட்டர் வெப்பமானி இருந்தால் க்ரூஸில் அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மேக்னெட்டோ (தீப்பொறி தரும் கருவி) டைமிங்கை இன்ஜினின் டேட்டா பிளேட்டில் உள்ள கோணத்துக்கு வையுங்கள். பல ஓ-320களில் அது 25 டிகிரி, ஆனால் நினைவை நம்ப வேண்டாம். பறக்குமுன் செய்யும் இன்ஜின் சோதனையான ரன்-அப்பில் ஒரு மேக்னெட்டோவில் 175 ஆர்பிஎம்முக்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்கும் இடையே 50க்கு மேல் வித்தியாசம் கூடாது. கம்ப்ரெஷன் சோதனையில் 80 பிஎஸ்ஐ காற்று கொடுக்கும்போது 60க்குக் கீழே போன சிலிண்டரைக் கவனிக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சக்தி குறைந்தால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட். லைகாமிங்கில் கேம் இன்ஜினின் மேல்பகுதியில் இருக்கிறது. விமானம் மாதக்கணக்கில் நின்றால் எண்ணெய் வடிந்து, துரு பிடித்து, கேம் முனைகள் தேயும். கம்ப்ரெஷன் நன்றாகவே காட்டும், சத்தமும் வராது, வால்வு மட்டும் போதிய அளவு திறக்காது. ராக்கர் மூடியைக் கழற்றி, டயல் இண்டிகேட்டர் வைத்து, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எண்ணெய் ஃபில்டரை வெட்டி இரும்புத்தூள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இது கண்டால் வேகப் பேச்சை விட்டுவிட்டு விமானத்தை நிறுத்துங்கள்.

புரொப்பெல்லர்

சமமட்டத்தில் முழு த்ராட்டிலில் இன்ஜினின் வரம்பான 2700ஐத் தாண்டி ஓடினால் பிட்ச் குறைவு. 2500ஐக்கூட எட்டாவிட்டால் பிட்ச் அதிகம். உலோகப் புரொப்பெல்லரில் ஓர் அங்குல பிட்ச் சுமார் 50 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓ-320 பொருத்திய ஆர்விகளுக்கு வரும் சென்செனிச் 70சிஎம் புரொப்பெல்லருக்கு 2600 என்ற தனி வரம்பு உண்டு. இன்ஜினுக்கு 2700 அனுமதி என்பதால் அதை மீறக்கூடாது. பிட்ச்சைத் திருத்துவது புரொப்பெல்லர் ஷாப்பின் வேலை. முன்விளிம்பில் உள்ள வெட்டு, கீறல்களையும் பாருங்கள்; அவை வேகத்தைவிட உயிருக்கு ஆபத்து. ஒரு நிறுவனத்தின் 79 அங்குல பிட்ச்சும் இன்னொன்றின் 79 அங்குல பிட்ச்சும் ஒன்றல்ல என்பதால் நண்பரின் எண்ணைப் பார்த்து ஆர்டர் செய்யாதீர்கள்.

உடல்: பெரும்பாலான வேகம் கிடைப்பது இங்கேதான்

முதலில், விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் கருவியின் பந்து. க்ரூஸில் காலை எடுத்துவிட்டு, இறக்கை மட்டமாக இருக்கும்போது பந்து நடுவில் நிற்கிறதா? கருவி சாய்ந்து பொருத்தப்பட்டிருந்தால் பந்தே தவறு சொல்லும். தரையில் உடலை மட்டம் வைத்து அதைத் தனியாகச் சரிபாருங்கள். பந்து ஒதுங்கினால் ரட்டரில் (வால் சுக்கானில்) ஆப்பு ஒட்டும் முன் சக்கர உறைகளைப் பாருங்கள், ஏனென்றால் விமானத்தைக் கோணலாகத் தள்ளுவது பெரும்பாலும் அவைதான்.

சக்கரக் கால்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. இந்த வகை விமானத்தின் மொத்த இழுவைப் பரப்பு ஏறத்தாழ 0.22 சதுர மீட்டர். 32 மில்லிமீட்டர் தடிமன், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள உருண்டைக் கம்பி ஒன்று தனியாக 0.02 சதுர மீட்டர் சேர்க்கும். ஃபேரிங் இல்லாத இரண்டு கால்கள் மட்டுமே இழுவையை ஐந்தில் ஒரு பங்கு உயர்த்திவிடும். துளி வடிவ ஃபேரிங் போட்டால் அதில் பெரும்பகுதி மறைந்துவிடும், அது நேராக இருந்தால் மட்டும்.

நேராக்குவதற்கு முன் விமானத்தின் எடையைச் சக்கரங்களிலிருந்து தூக்க வேண்டும். ஆர்வியின் கால்கள் ஸ்பிரிங் எஃகு. தரையில் எடை தாங்கும்போது விரிகின்றன, வானில் உள்வாங்குகின்றன. தரையில் நேராகத் தெரிவது வானில் கோணலாகும். இன்ஜின் மவுண்டில் தூக்கி, உடலை மட்டம் வைத்து, மூக்கிலும் வாலிலும் தூக்குநூல் இறக்கித் தரையில் நடுக்கோடு அடியுங்கள். ஒவ்வொரு சக்கர உறையின் முன் நுனியிலிருந்தும் பின் நுனியிலிருந்தும் நூல் இறக்கி நடுக்கோட்டுக்குள்ள தூரத்தை அளங்கள். 75 சென்டிமீட்டர் உறையில் முன்னுக்கும் பின்னுக்கும் 13 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு டிகிரி கோணல். கால் ஃபேரிங்குக்கு, நூலை அதன் முன்விளிம்பைச் சுற்றி இருபுறமும் பின்னால் இழுத்துப் பிடித்து, நடுக்கோடு உடலின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். கால் உடலோடு சேருமிடத்திலும் சக்கர உறையோடு சேருமிடத்திலும் வளைவான இணைப்பு ஃபேரிங் கட்டாயம். கூர்மூலையில் காற்று பிய்ந்துபோகும். இங்கே சில நாட் கிடைப்பது சாதாரணம்.

அடுத்து, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பும் (இறங்கும்போது தாழ்த்துவது) அய்லரானும் (விமானத்தைச் சாய்ப்பது). வரிசை மாறக்கூடாது: பெல்கிராங்க்கை (அய்லரானை அசைக்கும் நெம்புகோலை) ஜிக்கால் நடுவில் பூட்டி அய்லரானை அமையுங்கள், அதற்கு ஃபிளாப்பின் பின்விளிம்பைப் பொருத்துங்கள், கடைசியாக இறக்கை நுனியை. ஒரு ஃபிளாப் 5 மில்லிமீட்டர் தொங்கினாலே விமானம் உருளும், அதை நிறுத்த அய்லரான் எந்நேரமும் சாய்ந்தே நிற்கும். க்ரூஸில் இருபுறமும் பின்விளிம்புகளைப் படம் பிடித்துப் பாருங்கள்; மின்மோட்டாரின் மேல் ஸ்டாப்பை ஃபிளாப் உண்மையில் தொடுகிறதா என்பதும் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத காற்றைக் காண கம்பளி நூல் போதும். 6 சென்டிமீட்டர் துண்டுகளை மெல்லிய டேப்பால் காலைச் சுற்றியும், இறக்கை உடலோடு சேருமிடத்திலும், கவுலிங் வெளிவாயிலிலும், கேனோபிக்கு (காக்பிட்டின் கண்ணாடி மூடிக்கு) பின்னாலும் ஒட்டி, சிறு கேமரா வைத்துப் பறந்து வாருங்கள். நூல் சாய்ந்து படுத்திருந்தால் ஓட்டம் நன்று, துடித்தால் கலக்கம், முன்னோக்கித் திரும்பினால் ஓட்டம் பிரிந்துவிட்டது. அந்த இடத்துக்கே ஃபேரிங் செய்யுங்கள்.

குளிரூட்டும் காற்று பலர் மறக்கும் திருடன். முன்வாயில் வழியாக நுழையும் காற்று சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையே மட்டும் போக வேண்டும். பேஃபிளின் (காற்றைத் திருப்பும் தகட்டின்) ரப்பர் கவுலிங்கோடு ஒட்டாமல் மடிந்தால் காற்று வேலை செய்யாமலே வெளியேறும், இழுவை மட்டும் மிஞ்சும். மேல் கவுலிங்கின் உட்புறத்தில் ரப்பர் தேய்த்த கோடு தொடர்ச்சியாக இருக்க வேண்டும்; விட்ட இடமெல்லாம் கசிவு. இருட்டில் கவுலிங்கைப் போட்டு, உள்ளே விளக்கு வைத்து முன்வாயில் வழியாகப் பார்த்தால் ஒளி தப்பும் இடங்கள் தெரியும். சிலிண்டர்களுக்கும் பின்சுவருக்கும் இடையே உள்ள துளைகளைச் சிவப்பு உயர்வெப்ப சிலிகானால் அடையுங்கள்.

அதன்பின் க்ரூஸில் தலை வெப்பநிலை 150 டிகிரி செல்சியஸ் சுற்றியே நின்றால், தேவைக்கு மேல் காற்று போகிறது. வெளிவாயிலைத் தற்காலிக அலுமினியத் தகட்டால் பத்தில் ஒரு பங்கு குறைத்து அளவிடுங்கள், மீண்டும் பத்தில் ஒரு பங்கு. எல்லை தெரிவது க்ரூஸில் இல்லை, வெயில் நாளில் நீண்ட ஏற்றத்தில். அங்கே 200 டிகிரியைத் தொட்டால் ஒரு படி பின்வாங்குங்கள். புதிய சிலிண்டர்கள் பழகும் மணிநேரங்களில் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேனோபி ஓரம், இறக்கை உடலோடு சேருமிடத்து ரப்பர், கழற்றாமல் விட்ட டை-டவுன் வளையம் (விமானத்தைத் தரையில் கட்டுவதற்கானது), கீழே தொங்கும் ஆன்டெனா, திறந்த ஆய்வு மூடிகள் ஒவ்வொன்றும் சிறியது. ஒரு மாலையில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

எடைநடு (ஈர்ப்பு மையம்) முன்பக்கம் இருந்தால் வால் கீழ்நோக்கி அழுத்த வேண்டியிருக்கும், அதற்கும் இழுவை உண்டு. அனுமதித்த எல்லைக்குள் சாமானைப் பின்னுக்கு வைத்தால் ஓரிரு நாட் வரலாம். எல்லையைத் தாண்டி ஒரு நூல்கூட வைக்காதீர்கள்.

மாற்றங்களைச் செய்யும் விதம்

ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம். நான்கு ஹெடிங் முறையை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு நாட் வரை ஆடும். அரை நாட் கூடியது என்று தீர்ப்பெழுத வேண்டாம், மூன்று நாள் அளந்து சராசரி பாருங்கள். எடையையும் எரிபொருள் அளவையும் ஒவ்வொரு சோதனைக்கும் ஒன்றாக வையுங்கள். அய்லரான், எலிவேட்டர், ரட்டர் எதற்கும் பெயிண்ட், புட்டி, ஆப்பு சேர்த்தால் சமநிலை எடையை மறுபடி சோதியுங்கள். சமநிலை போன கட்டுப்பாட்டுப் பரப்பு வேகம் கூடும்போது படபடக்கத் தொடங்கி, விமானத்தையே உடைக்கும்.

புரொப்பெல்லரை வேறு வகைக்கு மாற்றுவது பெரிய மாற்றம். அமெரிக்காவில் எக்ஸ்பெரிமென்டல் என்று பதிவாகும் இத்தகைய விமானங்களின் இயக்க வரம்புகளில் வழக்கமாக இது எழுதப்பட்டிருக்கும்: எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை அமைப்பு) அலுவலகத்துக்குத் தெரிவித்து, குறைந்தது ஐந்து மணிநேரம் சோதனைப் பகுதிக்குள், பயணி இல்லாமல் பறந்து, லாக்புக்கில் பதிய வேண்டும். உங்கள் தாளை எடுத்து அந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள்.